வீட்டில் கட்டிய விமானத்தில் ஏறலாமா? வடசென்னையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொருக்குப்பேட்டை லேத்துப் பட்டறையில் வேலை கற்று, அப்புறம் வெளிநாட்டில் 11 வருடம் சின்ன விமானங்களுக்குத் தகடு வேலை பார்த்துவிட்டு, இப்போது பெரம்பூரில் வீட்டோடு இருக்கிறேன். அங்கே என்னோடு வேலை பார்த்த ஒருவர் தன் வீட்டு கார் ஷெட்டில் 2 சீட் விமானம் ஒன்றைக் கட்டினார். 4 வருடம், ஞாயிற்றுக்கிழமை தோறும், நான் போய், தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற ரிவிட் ஆணிகளை அடித்துக் கொடுத்தேன். இதை ஒருநாள் டீக்கடையில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்கே சின்ன விமானம் விழுந்தாலும் அந்த வீடியோ முதலில் என் போனுக்குத்தான் வருகிறது, கூடவே நான்கு கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

யூடியூபில் பைக் இன்ஜினை மாட்டி வயல்வெளியில் எகிறிக் குதிக்கிறார்களே, அதுவா நீங்கள் சொல்வது?

இல்லை. அது வேறு, இது வேறு. நான் சொல்வது முறையாக வடிவமைத்து, கணக்குப் போட்டு, சோதித்துப் பார்த்த ஒரு விமானத்தின் பாகங்களை வாங்கி வந்து, சொந்தக்காரரே வீட்டில் பூட்டுவது. கிட் என்பார்கள். வரைபடத்தை மட்டும் வாங்கி, மரத்தையும் தகட்டையும் தானே அறுத்துக் கட்டுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் இதற்குத் தனி வகையே இருக்கிறது. வேலையில் பாதிக்கு மேல் தொழில்முறை ஆட்கள் இல்லாமல், கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுகிறவர்களே செய்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. 1973-ல் ரிச்சர்ட் வான்குருன்ஸ்வன் தொடங்கிய வான்ஸ் கம்பெனியின் கிட்டில் இருந்து கட்டிய விமானங்கள் மட்டுமே 10,000-க்கு மேல் பறந்திருக்கின்றன. ஏதோ ஒரு பைத்தியக்காரர் மொட்டை மாடியில் செய்கிற வேலை என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிடலாம். மொட்டை மாடியில் கட்டியவரும் ஒருவர் இருக்கிறார், பின்னால் வருகிறார்.

இறக்கை கழன்று விழுந்துவிடாதா?

பத்தில் ஒன்பது பேர் முதலில் கேட்பது இதுதான். கை இரண்டையும் விரித்து ஒன்றை மட்டும் தொங்கவிட்டுக் காட்டுவார்கள்.

இறக்கை கழன்று விழுவது அபூர்வம். எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பதை வடிவமைத்தவர் முன்கூட்டியே கணக்கிட்டு, ஒரு இறக்கையின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதித்திருப்பார். வீட்டில் கட்டுகிறவர் அந்தக் கணக்கில் கை வைக்காமல், துளை போட்ட இடத்தில் ரிவிட் அடித்தால் போதும். 2 சீட் தகடு விமானம் ஒன்றில் 10,000-க்கு மேல் ரிவிட் வரும். ஒன்று சரியில்லை என்றால் பக்கத்தில் இருப்பவை பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

அது மட்டுமில்லை, தளர்ந்த ரிவிட் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். தகட்டுக்கும் ரிவிட்டுக்கும் நடுவே மயிரிழை ஆட்டம் வந்தாலும், அலுமினியம் உரசி உரசிக் கரும்பொடியாகும். காற்று அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். பார்த்தால், குழந்தைக்குக் கண்மை இழுத்தபோது விரல் வழுக்கிய மாதிரி, ரிவிட்டின் தலையிலிருந்து ஒரு கருங்கோடு. துணியால் துடைத்தால் போய்விடும். அடுத்த முறை பறந்து வந்ததும் மறுபடி இருக்கும். டார்ச் அடித்து இறக்கைக்கு அடியில் தவழ்ந்து இந்தக் கோட்டைத் தேடுவதுதான் எங்கள் வேலையில் பாதி.

முதல் நாள் நான் அடித்ததில் 40 ரிவிட்டை, சரியில்லை என்று விமானம் கட்டியவரே துளைத்து எடுத்துவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. தொழிற்சாலையில் என்றால் அதில் பாதியை அப்படியே விட்டிருப்போம்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பாதுகாப்பானதா, இல்லையா?

தொழிற்சாலையில் செய்த அதே அளவு சின்ன விமானத்தைவிட ஆபத்து அதிகம். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் இதற்கென்றே ஓர் ஆய்வு வெளியிட்டது. அங்கே உள்ள சின்ன விமானங்களில் ஏறக்குறைய 10 சதவீதம் வீட்டில் கட்டியவை. 2011-ல் நடந்த சின்ன விமான விபத்துகளில் சுமார் 15 சதவீதமும், உயிர் போன விபத்துகளில் 21 சதவீதமும் இவற்றின் கணக்கு. பத்துப் பேரில் ஒருவன் ஐந்து தப்பில் ஒன்றைச் செய்தால் அவனைக் கூப்பிட்டு விசாரிக்கத்தானே செய்வோம்? அப்படி விசாரித்தபோது கிடைத்த பதில்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. மக்கள் பயப்படுகிற இடம் ஒன்று, விமானம் விழுகிற இடம் இன்னொன்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மீனம்பாக்கத்தில் ஏறி துபாய்க்குப் போகிற விமானத்தை இதோடு ஒப்பிட்டுப் பேச வேண்டாம். அதன் பாதுகாப்பு வேறு உயரத்தில் இருக்கிறது. தொழிற்சாலையில் செய்த 4 சீட் விமானம்கூட அதன் பக்கத்தில் வர முடியாது.

அப்புறம் எதனால்தான் விழுகிறது?

அந்த ஆய்வில் மேலே நின்றவை இரண்டு. இன்ஜின் நின்றுபோவது, பறக்கும்போது ஓட்டுகிறவரின் பிடியிலிருந்து விமானம் நழுவிப்போவது.

இன்ஜின் என்று சொன்னாலும், பெரும்பாலும் இன்ஜினுக்குள்ளே ஒன்றும் உடைவதில்லை. அதற்குப் போக வேண்டிய பெட்ரோல் போவதில்லை, இல்லாவிட்டால் போகக்கூடாதது போய்விடுகிறது. கிட்டில் இறக்கைக்கு ஒவ்வொரு துளையும் அச்சடித்தது போல வரும். ஆனால் பெட்ரோல் குழாய், வடிகட்டி, ஒயரிங் எல்லாம் கட்டுகிறவரின் சொந்தக் கைவேலை. எங்கே வளைக்கிறார், எதில் உரசுகிறது, எந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் போகிறது என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும்.

ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் டாங்கியின் அடிப்பகுதியில் உள்ள சின்ன வால்வை அழுத்தி, கண்ணாடி மாதிரி ஒரு கப்பில் கொஞ்சம் பெட்ரோல் பிடிப்பார்கள். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தால், தண்ணீர் இருந்தால் கப்பின் அடியில் பாதரசம் போல ஒரு முத்து உருளும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம். ஒரு முத்து உருண்டால் கப்பைக் கொட்டிவிட்டு, முத்து வராமல் போகும் வரை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் பாதி டாங்கியோடு ராத்திரி நிறுத்தினால், டாங்கிக்குள் உள்ள காற்றே வியர்த்து இந்த முத்தைத் தரும். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை இன்னும் ஆசையாக இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும்.

சென்னைக்காரர்கள் நம்பாத ஒன்று சொல்லட்டுமா? பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி உறையும். வெளியே 25 டிகிரி இருந்தாலும்! பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வழியில் விரியும்போதும் சூடு சடாரென்று இறங்கும். காற்றில் ஈரம் இருந்தால் அது அங்கேயே கட்டியாகிவிடும். அதற்காக சைலன்சர் பக்கத்திலிருந்து சூடான காற்றைத் திருப்பிவிட ஒரு நெம்புகோல் வைப்பார்கள். வைக்க மறந்தவரும் உண்டு, வைத்துவிட்டு இழுக்க மறந்தவரும் உண்டு.

இரண்டாவது காரணத்துக்கு வருவோம். வடசென்னையில் பிறந்தவனுக்கு இதைப் புரியவைக்க அரை நிமிடம் போதும். காத்தாடிக்குச் சூத்திரம் கட்டியிருக்கிறீர்கள்தானே? மேல் நூலை ஒரு விரல்கடை கூட்டியோ குறைத்தோ கட்டிவிட்டால் காத்தாடி காற்றில் ஏறாது, கிர்ரென்று சுற்றிக்கொண்டு குத்தும். விமான இறக்கையும் காற்றை ஒரு கோணத்துக்குள் சந்திக்கும் வரைதான் தூக்கும். வேகம் குறைந்து மூக்கு அதிகமாக நிமிர்ந்தால் தூக்குவதை நிறுத்திவிடும். இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் நடக்கும். 1,000 மீட்டர் உயரத்தில் நடந்தால் மூக்கைத் தாழ்த்தி மீட்டுவிடலாம். இறங்குவதற்காகத் தாழ்வாகத் திரும்பும்போது நடந்தால் நேரம் இருக்காது. தொழிற்சாலை விமானம் இப்படி ஆகப்போகிறது என்பதை முன்கூட்டியே உதறிக் காட்டும். வீட்டு விமானங்களில் சில, வேகத்துக்காக வடிவமைத்தவை, சொல்லாமல் கொள்ளாமல் குத்திவிடும்.

எப்போது விழுகிறது என்பதும் முக்கியம். முதல் சில பறப்புகளில்தான் விபத்துகள் குவிகின்றன. 4 வருடம் கட்டுவதிலேயே மூழ்கியவர், அந்த 4 வருடமும் பறக்காமல் கைப்பழக்கம் விட்டுப்போய், தனக்குப் பழக்கமே இல்லாத ஒரு விமானத்தில், இதுவரை ஒருமுறைகூடப் பறக்காத இன்ஜினோடு கிளம்புகிறார். விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்குமாமே? கட்டுகிற தலைவலி இல்லை அல்லவா?

அந்தத் தலைவலிதான் உங்கள் பாதுகாப்பு. 2011-ல் விபத்துக்குள்ளான வீட்டு விமானங்களில் பாதிக்கு மேல், ஓட்டியவர் கட்டியவை அல்ல. வேறு ஒருவர் கட்டி இவர் வாங்கியவை.

1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது லாங்-ஈஸி என்ற, பர்ட் ரூட்டன் வடிவமைத்த பேர்பெற்ற விமானம். வேறொருவர் கட்டியதை இவர் அப்போதுதான் வாங்கியிருந்தார். எந்த டாங்கியிலிருந்து பெட்ரோல் எடுப்பது என்று மாற்றும் திருகு, வரைபடத்தில் ஓட்டுகிறவரின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவர், பெட்ரோல் குழாய் ஆள் உட்காரும் இடத்துக்குள் வர வேண்டாம் என்று நினைத்து, அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. தீ பிடித்தாலும் ஆளுக்கு ஆபத்து குறையும் என்றுதான் செய்திருக்கிறார். ஆனால் உட்கார்ந்தபடி அதைத் திருப்ப வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். கிளம்பும் முன்பு, கை எட்டவில்லை என்று மெக்கானிக்கோடு பேசி, ஒரு பிடிகுறடை மாட்டிக்கூடப் பார்த்திருக்கிறார்கள். பெட்ரோல் நிரப்பவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். காற்றில் இருக்கும்போது திரும்பித் திருகைப் பிடிக்கப் போய், விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்புகிற சுக்கான் மிதியைக் கால் தவறுதலாக அழுத்தி, விமானம் பிடியிலிருந்து நழுவியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு.

இறக்கை கடைசி வரை கழன்று விழவில்லை. ஆனால் மறுநாள் செய்தியில் மக்கள் மனதில் நின்றது 'வீட்டில் செய்த விமானம்' என்ற மூன்று வார்த்தைதான்.

திருவொற்றியூரிலேயே என்ஃபீல்டு இன்ஜின் செய்தார்களே. அதைப் போட்டால் என்ன?

இதைக் கேட்ட பையன் இன்னும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறான். 350 புல்லட்டின் பலம் சுமார் 20 குதிரைத்திறன். நாங்கள் கட்டியதில் இருந்தது 160. ஆனால் பலம் மட்டும் பிரச்சினை இல்லை. ரோட்டில் இன்ஜினை நாம் முழுசாகப் பிழிவது சில நொடி. சிக்னல் வந்தால் ஓய்வு. விமானத்தில் முக்கால் பலத்தில் மணிக்கணக்காக ஓட வேண்டும், ஓரமாக நிறுத்த பிளாட்பாரம் கிடையாது. அதனால்தான் விமான இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், இரண்டும் தனித்தனி மின்சாரத்தில்.

கார் இன்ஜினை மாற்றிப் போட்டு நன்றாகப் பறப்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் வேகத்தைக் குறைக்கிற கியர், ரேடியேட்டர், ஒயரிங் என்று அவர்கள் தாங்களே சேர்க்கிற ஒவ்வொன்றும் ஒரு புது சந்தேகம். இலேசான விமானங்களுக்கென்றே செய்கிற ரோடாக்ஸ் கம்பெனி, தன் 2 ஸ்ட்ரோக் இன்ஜினின் கையேட்டில் 'இது எப்போது வேண்டுமானாலும் திடீரென நின்றுபோகக் கூடியது' என்ற பொருளில் எச்சரிக்கையே போட்டிருக்கிறது. செய்தவனே சொன்னால் நம்பிவிடுவது நல்லது.

நட்டு, போல்ட்டு எல்லாம் நம்ம மார்க்கெட்டிலேயே கிடைக்காதா?

கிடைக்கும், அதுதான் பயம். பட்டறையில் இருந்த காலத்தில் ஒரு கடையில் போல்ட்டு வாங்கினேன். தலையில் 8.8 என்று, உறுதியான போல்ட்டு என்பதற்கான எண், பளிச்சென்று அடித்திருந்தது. இறுக்கும்போது வெண்ணெய் மாதிரி கழுத்தில் முறுக்கிக்கொண்டது. அந்த எண்ணைப் பொறிக்க அச்சு இருந்தால் போதும், நல்ல இரும்பு தேவையில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அது ஒரு கேட்டுக்குப் போட்ட போல்ட்டு, கேட்டு சாய்ந்ததோடு போயிற்று.

விமான போல்ட்டுக்கு எங்கே, எப்போது, எந்த உருக்கில் செய்தது என்ற சீட்டு கூடவே வரும். விலை 10 மடங்கு. அந்த விலையில் பாதி அந்தச் சீட்டுக்குத்தான். இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து தகடு வரை ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுவோம். நட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டும். இதை ரயில் பெட்டி செய்கிற ஐசிஎஃப்-இல் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

யாருமே வந்து பார்க்க மாட்டார்களா? அவரவர் கட்டி அவரவர் ஏறுவதா?

பார்ப்பார்கள், நாட்டுக்கு நாடு வேறு மாதிரி. அமெரிக்காவில் விமான நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் கட்டி முடித்த பிறகு வந்து, விமானத்தையும் கட்டிய கதையைச் சொல்லும் புகைப்படங்களையும் குறிப்பேட்டையும் பார்ப்பார். நடுவில், தகட்டை மூடும் முன்பு அனுபவசாலிகளைக் கூப்பிட்டுக் காட்டுவது வழக்கம், கட்டாயம் இல்லை. பிரிட்டனில் அவர்களுடைய இலகு விமானச் சங்கத்தின் ஆய்வாளர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த கட்டம். எனக்கு பிரிட்டன் முறைதான் பிடித்திருக்கிறது; மூடிய தகட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை போட்டோ சொல்லாது.

அதற்குப் பிறகும் உடனே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக முடியாது. அமெரிக்காவில் பொதுவாக முதல் 25 அல்லது 40 மணி நேரம், ஒதுக்கிய இடத்துக்கு மேலே, பயணி இல்லாமல் பறந்து சோதிக்க வேண்டும். ஏறும் வழியில் 'பரிசோதனை' என்ற பொருள் தரும் சொல்லை 2 அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் எழுத வேண்டும். வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதல்ல என்று பயணியின் கண்ணுக்குப் படுகிற மாதிரி ஓர் எச்சரிக்கையும் இருக்கும். காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது. பாதி பேருக்குப் பயம் வருவதே அந்த 2 அங்குல எழுத்தைப் பார்த்துத்தான். பேருந்தில் அப்படி எழுதினால் ஒருத்தரும் ஏற மாட்டோம்.

இந்தியாவில் இதெல்லாம் நடக்குமா?

நடந்திருக்கிறது. மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி, குடியிருப்பின் மொட்டை மாடியில் 6 சீட் விமானம் ஒன்றைக் கட்டினார். 2016-ல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் வைத்தார். 2017 நவம்பரில்தான் பதிவு எண் கிடைத்தது. பறந்து சோதிக்க அனுமதி 2019-ல். முதல் அனுமதிக்கே அத்தனை நாள் என்றால் மற்றவர்கள் எப்படி வருவார்கள்? கேரளத்தில் காது கேளாத, வாய் பேசாத சஜி தாமஸ் தானாகவே ஒரு இலேசான விமானத்தைக் கட்டினார். அதே கேரளத்தைச் சேர்ந்த அசோக் தாமரக்‌ஷன், பொதுமுடக்கக் காலத்தில் லண்டன் வீட்டில் இருந்தபடி தென்னாப்பிரிக்க ஸ்லிங் கிட் ஒன்றை வாங்கி 4 சீட் விமானம் கட்டி, குடும்பத்தோடு ஐரோப்பா சுற்றினார். 2022-ல் பேப்பரில் எல்லாம் வந்தது. அப்போது என் மச்சான் அதை அனுப்பி, "பாத்தியா மாமா, ஒருத்தரும் விழல" என்றான். விழுந்தால்தான் செய்தி என்ற விதிக்கு அது ஒரு விலக்கு.

மெட்ராஸில்?

இதைச் சொல்லும்போது எனக்கே பெருமை வந்துவிடும். 1910 மார்ச்சில், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ் தன் சொந்த வடிவமைப்பில் விமானம் ஒன்றை சிம்சன் கம்பெனியில் கட்டச் சொல்லி, பல்லாவரத்தில் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருடம்கூட ஆகவில்லை. சிம்சன் அப்போது குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த கம்பெனி. ஓட்டல்காரர் வரைந்து, வண்டி செய்கிறவர்கள் கட்டியது. அதைப் பார்க்க ஜனங்கள் காசு கொடுத்து வந்தார்கள்.

பிறகு ஏன் மக்களுக்கு இவ்வளவு பயம்?

நான் இதைப் பற்றித்தான் அதிகம் யோசித்திருக்கிறேன். வீட்டு இட்லி என்றால் நம்புகிறோம், ஓட்டல் இட்லி என்றால் யோசிக்கிறோம். விமானம் என்று வந்தால் அது தலைகீழாகிவிடுகிறது. இட்லி கெட்டால் வயிறு சொல்லும். விமானம் நல்லதா கெட்டதா என்று சொல்ல நமக்கு ஒரு புலனும் கிடையாது. அதனால் முத்திரையைத் தேடுகிறோம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் போய்ப் பாருங்கள். ஃபைபர் படகு எந்தச் சந்தில், யார் கையால் செய்தது என்று ஏறுகிறவருக்குத் தெரியும். அவர் பயப்படுவதில்லை. கடலில் இன்ஜின் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், அவர் அப்பாவுக்கும் தெரியும். பழகியதால் வருகிற தைரியம் அது. கடல் சாதுவானது என்று அர்த்தமில்லை. மணலி விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மூன்று பேராக பைக்கில் போகிறவர்கள் என்னிடம் விமான பயத்தைப் பற்றிப் பேசும்போது நான் டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன். 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். ஆனால் ஒரு நாளைக்கு நானூற்று ஐம்பது, அறுபது பேராகச் சிதறிச் செத்தால் அது கண்ணில் படாது.

அதற்காக, பயப்படுகிறவர் முட்டாள் என்று சொல்கிற, விமானம் கட்டுகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. அவர்களுடைய வாதம் எப்போதும், "ஓட்டியவன் செய்த தப்பு, விமானத்தின் மேல் பழி போடாதே" என்பது. பின் சீட்டில் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் எதற்கு உதவும்?

கட்டுகிறவர் தன் விருப்பத்துக்குக் கட்டட்டும். எங்கள் தலையில் விழுந்தால்?

நியாயமான கேள்வி. இதற்கு மட்டும் நான் உங்கள் பக்கம். சின்ன விமானம் இன்ஜின் நின்றால் கல் மாதிரி விழாது, மிதந்து வரும். 1 கி.மீ. உயரத்தில் நின்றால் தோராயமாக 9 கி.மீ. போகலாம். ராயபுரத்துக்கு மேலே நின்றால் திருவொற்றியூர் வரை மிதக்கலாம். ஆனால் எங்கே இறக்குவது? வழியெல்லாம் மாடி, ஒயர், ரயில் பாதை, பெட்ரோலிய டாங்கிகள். மிஞ்சுவது கடல்தான். அதனால்தான் சோதனைப் பறப்புக்கு ஜன நெருக்கம் இல்லாத இடத்தை ஒதுக்குகிறார்கள். வடசென்னைக்கு மேலே யாராவது புது வீட்டு விமானத்தைச் சோதித்தால் நானே புகார் கொடுப்பேன்.

சோழவரம் பழைய ஓடுதளம் சும்மாதானே கிடக்கிறது? அங்கே விட்டுப் பார்க்கலாமே.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் அது. அப்புறம் பல வருடம் கார், பைக் பந்தயம் நடந்தது. சொந்தப் பட்டறையில் கட்டிய பந்தயக் கார்கள் ஓடிய இடம். இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை வந்த பிறகு கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. சும்மா கிடக்கிற மாதிரி தெரிந்தாலும் அங்கே யாரும் விமானம் விட முடியாது. பதிவும் அனுமதியும் இல்லாத விமானத்தை இந்தியாவில் எங்கே பறக்கவிட்டாலும் குற்றம். 1934-ஆம் வருட விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் என்ற புது விமானச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ரீல்ஸ் எடுக்கிற தம்பிகள் கவனிக்கவும்.

எண்ணூர்ப் பக்கம் வைத்தால் துரு பிடிக்காதா?

அலுமினியம் துருப்பிடிக்காது, பொரிந்துபோகும். உப்புக்காற்று பட்டால் வெள்ளை மாவு பூக்கும். அலுமினியத்தில் ஸ்டீல் போல்ட்டு மாட்டி உப்பு ஈரம் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். உள்பக்கம் பிரைமர் அடிக்காமல் தகட்டை மூடினால் வெளியே பளபளக்கும், உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்.

விமானத்துக்கே பாராசூட் இருக்கிறதாமே?

இருக்கிறது. ராக்கெட் இழுத்து விரித்து, விமானத்தையே தொங்கவிட்டு இறக்கும். மிகத் தாழ்வாக இருந்தால் விரிய நேரம் இருக்காது, விபத்துகளில் நிறைய அங்கேதான் நடக்கின்றன. இருந்தாலும் காசு இருந்தால் போடச் சொல்வேன்.

என் பையன் பிளேன் கட்டணும் என்கிறான். தடுப்பதா, விடுவதா?

எந்த வயது? பள்ளியில் படிக்கிறான் என்றால் பால்சா மரத்தில் மாடல் விமானம் கட்டட்டும். கனம் எங்கே உட்கார வேண்டும், மூக்கு ஏன் தாழ வேண்டும் எல்லாம் அதில் வந்துவிடும், விழுந்தால் 500 ரூபாயோடு போகும். பெரியவன் என்றால், முதலில் பறக்கக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். சரியாகக் கட்டத் தெரியாமல் செத்தவனைவிட, கட்டிவிட்டுப் பறக்கத் தெரியாமல் செத்தவன்தான் அதிகம் என்பது நான் கேட்ட கதைகளில் இருந்து எனக்குத் தோன்றுவது. பணம் பெரிய தொகை. ஒரு பெரம்பூர் பிளாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஏறியிருக்கிறீர்களா?

ஒருமுறை. சோதனை மணி நேரம் முடிந்து, 70 மணி தாண்டிய பிறகு. அதற்கு முன்னால் கட்டியவர் அதே மாதிரி வேறொரு விமானத்தில் ஒரு பயிற்சியாளரோடு பறந்து கையைப் பழக்கிக்கொண்டு வந்திருந்தார். ஏறும் முன்பு உட்கார்ந்த இடத்திலிருந்து பெட்ரோல் திருகு எட்டுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தேன். எட்டியது. கப்பில் பிடித்துப் பார்த்தோம், முத்து இல்லை. 20 நிமிடம் பறந்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இறங்கியதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறக்கைக்கு அடியில் போனோம். இடது இறக்கையின் பின்பக்க மடலான ஃபிளாப்பின் மூலையில் ஒரு கண்மைக் கோடு. அந்த மூலையை அடித்தது நான்தான். அன்று சாயங்காலம் ஊரிலிருந்து மனைவி போன் செய்து என்ன செய்கிறாய் என்று கேட்டபோது, ஒரு ரிவிட்டைத் துளைத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பறந்ததை அடுத்த வாரம்தான் சொன்னேன்.